பேட்மேனைக் கோமாளியாக்கியது யார்?

எங்கள் இணைய இழையில் குன்னூர் நண்பர் கேட்டது:

"டிம் பர்ட்டன் இயக்கிய இரண்டு பேட்மேன் படமும் இரண்டு கண்கள் மாதிரி. அப்புறம் இயக்குநராக ஜோயல் ஷூமாக்கர் வந்தார். பேட்மேனின் கோதம் நகரம் திருவிழாப் பந்தல் ஆனது, பேட்மேன் கவசத்தில் மார்க்காம்பு முளைத்தது. நல்ல தொடரை ஒரே ஆள் கெடுத்த கதை இது. வேறு யார் மேலாவது பழி போட முடிந்தால் போடுங்கள், பார்ப்போம்."

மே 9, இரவு

முடியும், தாராளமாக.

ஷூமாக்கர் சுவரேறிக் குதித்து வந்தவர் இல்லை. கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, கலகலப்பாக ஒரு படம் வேண்டும் என்று சொல்லி உட்காரவைத்தவர்கள் இருக்கிறார்கள். 1989-ல் வந்த முதல் படம் உலகம் முழுக்க 41 கோடி டாலர் வசூலித்தது. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' 26 கோடிச் சொச்சத்தோடு நின்றது. செலவோ முதல் படத்தைவிட அதிகம். நஷ்டம் கிடையாது. ஆனால் லாபம் போன தடவையைவிடக் குறைந்தால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்று கணக்கு எழுதுகிறவனைக் கேளுங்கள். நான் கோத்தகிரிப் பக்கம், வெளியில் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில் அந்த வேலைதான் பார்க்கிறேன்.

ரிட்டர்ன்ஸில் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பெற்றவர்களே குழந்தையைக் கூடையோடு தண்ணீரில் தள்ளிவிடுகிறார்கள். சாக்கடையில் வளர்ந்த அந்தக் குழந்தைதான் பெங்குவின். டேனி டிவிட்டோ வாயிலிருந்து கறுப்பாக எதுவோ வடிந்துகொண்டே இருக்கும். ஒரு ஆளின் மூக்கைக் கடிப்பார். ஊரில் இருக்கிற தலைப்பிள்ளைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லத் திட்டம் போடுவார். இதே படத்தின் பொம்மைகளை அதே கோடையில் மெக்டொனால்ட்ஸ் குழந்தைகளுக்கான சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது. பெற்றோர் கொதித்துப்போனார்கள். புகாரின் சூடு போய்ச் சேர்ந்த இடம், படத்தைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸ்.

மூன்றாவது படம் பற்றிப் பேசப் போன பர்ட்டனுக்கு, பேசிக்கொண்டிருக்கும்போதே தன்னை அவர்கள் விரும்பவில்லை என்பது புரிந்துவிட்டது. பின்னாளில் அவரே பேட்டிகளில் சொன்னது இது. தயாரிப்பாளர் என்று பெயரை மட்டும் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். ஷூமாக்கர் உள்ளே வருவதற்கு முன்பே படம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

மே 9, இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன்.

1995-ல் 'பேட்மேன் ஃபாரெவர்' 33 கோடி டாலருக்கு மேல் எடுத்தது. அதாவது ரிட்டர்ன்ஸைவிட அதிகம். வார்னர் போட்ட கணக்கு பலித்துவிட்டது, பாருங்கள். வினையே அங்கேதான் ஆரம்பம். ஃபாரெவர் தோற்றிருந்தால் 'பேட்மேன் அண்ட் ராபின்' அந்தக் கோலத்தில் வந்திருக்காது.

மே 10

எடப்பள்ளி அண்ணன் கேட்டிருக்கிறார்: "சின்ன வயசுல பார்த்தப்ப உனக்கு எது பிடிச்சது? உண்மையைச் சொல்லு."

உண்மையைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் அடிக்க வருவீர்கள். எனக்குப் பிடித்தது அர்னால்ட் நடித்த அந்தப் பனிக்கட்டிப் படம்தான்.

காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் வீடியோ கேசட் போடும் டெக் கிடையாது. பொங்கலுக்கோ ஹெத்தையம்மன் பண்டிகைக்கோ நாலைந்து வீடு காசு சேர்த்து டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய படம் ஓட்டுவோம். கேசட் எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வரும். எங்கள் கைக்கு வருவதற்குள் நூறு டெக்கில் தேய்ந்திருக்கும். படத்தின் கீழ்ப்பாகத்தில் வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். ஹெட்டைத் துடைக்க ஒருவன் துணியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். பர்ட்டன் எடுத்த இருட்டு அந்தக் கேசட்டில் என்ன ஆகும்? டிவி முழுக்கக் கறுப்பு. நடுவில் பெங்குவினின் வெள்ளை முகம் மட்டும் மிதக்கும். பேட்மேன் வந்தாரா போனாரா என்றே தெரியாது, சத்தம்தான் கேட்கும். என் பாட்டி "படம் முடிஞ்சிருச்சா, டிவியை அணைங்கடா" என்று எழுந்தே போய்விட்டார்.

அப்புறம் விசிடி காலத்தில் பேட்மேன் அண்ட் ராபின் கிடைத்தது. நீலம், ஊதா, பச்சை என்று கண்ணைப் பறித்தது. அர்னால்ட் வாயைத் திறந்தால் பனி, குளிர் என்று ஒரு சிலேடை உதிர்ப்பாராம். உலகமே அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டதாம். எங்களுக்கு இருந்த இங்கிலீஷுக்கு அது ஒன்றும் எட்டவில்லை. எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், உறைந்துபோன மனைவியைக் காப்பாற்றத் துடிக்கும் ஒரு மனுஷன். அவர்தான் கதாநாயகன், அந்தக் கறுப்புக் கவசக்காரர்கள் அவரை வேலை செய்யவிடாமல் தொந்தரவு பண்ணுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தோம். படம் நன்றாகவே இருந்தது.

மே 10, மாலை

"அப்படியானால் அந்தப் படத்தை நல்ல படம் என்கிறீர்களா?"

இல்லை சார். காலேஜ் முடித்த பிறகு திரும்பப் பார்த்தேன். அரை மணி நேரம் தாங்கவில்லை.

மே 12

கூடலூர்த் தம்பி பழியைப் பெற்றோர் மேல் போடுகிறார். அவர்கள் புகார் செய்யாமல் இருந்திருந்தால் பர்ட்டனின் மூன்றாவது படம் கிடைத்திருக்குமாம்.

எனக்கு ஒப்பவில்லை. ரிட்டர்ன்ஸ் பச்சைக் குழந்தைகளுக்கான படமாக எடுக்கப்படவே இல்லை. அமெரிக்கத் தணிக்கையே 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில் பெற்றோர் கவனம் தேவை என்று சொன்ன படம். அதன் பொம்மையை ஆறு வயதுப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தது யார்? பெற்றவர்கள் வைக்கவில்லை. பர்ட்டனும் வைக்கவில்லை. படத்தை ஒரு கூட்டத்துக்கும் பொம்மையை இன்னொரு கூட்டத்துக்கும் விற்க ஒப்பந்தம் போட்டவர்கள் வைத்தார்கள். இரண்டும் முட்டிக்கொண்டபோது, பொம்மையை நிறுத்துவதற்குப் பதிலாகப் படத்தை மாற்றினார்கள்.

பொம்மையில் வருகிற காசு அப்படி. ராபினாக நடித்த கிறிஸ் ஓ'டானல் பிற்பாடு சொன்னார்: ஃபாரெவரில் நடித்தபோது படத்தில் நடிப்பதாகத் தோன்றியது, அடுத்ததில் பொம்மை விளம்பரத்தில் நடிப்பதாகத் தோன்றியது என்று. வண்டி எப்படி இருக்க வேண்டும், ஆயுதம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கும்போதே பொம்மை செய்கிறவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்ததை ஷூமாக்கரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பேட்மேன் அண்ட் ராபினைப் பாருங்கள். கடைசிச் சண்டைக்கு முன்னால் எல்லோரும் வெள்ளி மினுக்கும் புது உடையில் வந்து நிற்பார்கள். அந்த உடை எப்போது மாற்றினார்கள், எதற்கு மாற்றினார்கள், கதையில் விடை கிடையாது. கடை அலமாரியில் உண்டு.

மே 13

இன்று ஊட்டி ரோட்டில் கார்கள் எறும்பு ஊர்வது போல. மலர்க் கண்காட்சி சீசன். இ-பாஸ் வந்த பிறகும் இந்த நிலைதான். கோதமுக்கு ஒரு இ-பாஸ் போட்டிருந்தால் வில்லன்களாவது குறைந்திருப்பார்கள். முதல் படத்தில் ஒரு ஜோக்கர். அடுத்ததில் பெங்குவின், கேட்வுமன், நடுவில் ஒரு கெட்ட முதலாளி. ஒரு வில்லன் ஏறினால் ஒரு பொம்மை ஏறும், வேறென்ன.

மே 15

தொழிலில் பார்ப்பதைச் சொல்கிறேன், ஷூமாக்கர் எனக்கு யாராகத் தெரிகிறார் என்று புரியும்.

எங்கள் மாதிரி ஃபேக்டரிக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சிறு விவசாயிகளின் பசுந்தேயிலையை ஏஜென்ட் வண்டியில் கொண்டுவந்து கொட்டுவார். மூட்டையின் மேலாக இரண்டு இலை ஒரு கொழுந்து பளபளவென்று இருக்கும். முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடு அடிக்கும். அமுக்கி அமுக்கிக் கட்டியதில் இலை வெந்து சிவந்திருக்கும். அதற்கும் கீழே கத்தரி போட்டு வெட்டிய முற்றல், காம்பு, சில சமயம் சில்வர் ஓக் சருகுகூட. நியாயமாகப் பார்த்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் திருப்பினால் அந்த ஏஜென்ட் பக்கத்து ஃபேக்டரிக்குப் போய்விடுவார், மெஷின் சும்மா நிற்கும். ஆகவே மேலேயிருந்து உத்தரவு வரும்: எல்லாவற்றையும் எடு. டீ மேக்கர் என்ன செய்வார்? அதே இலையை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, டிரையரில் போட்டு எடுப்பார். குன்னூர் ஏலத்தில் அந்தத் தூளுக்கு அடிமாட்டு விலை கிடைக்கும். திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் அறையில் திட்டு வாங்குகிறவர் யார்? இலையை எடுக்கச் சொன்னவரா? டீ மேக்கர்தான்.

ஷூமாக்கர் அந்த டீ மேக்கர். அவர் கையில் கொடுத்த இலை அப்படி. ஃபாரெவர் ஓடின சூட்டிலேயே, 1997 கோடைக்கு அடுத்த படம் என்று அவசரப்பட்டார்கள். அது தியேட்டருக்கு வருவதற்கு முன்பே ஐந்தாவது படத்துக்கும் கதை எழுத ஆள் பிடித்தாயிற்று. பேட்மேன் அண்ட் ராபின் 23 கோடிச் சொச்சத்தில் படுத்ததும் அந்த ஐந்தாவது கதை பரணில் ஏறிவிட்டது. நாலு படத்தில் செலவு அதிகம் ஆனது இதுதான், வசூல் குறைந்ததும் இதுதான்.

மே 15, கொஞ்சம் கழித்து

எழுத்தாளர் அகிவா கோல்ட்ஸ்மேன்தான் எல்லாவற்றையும் கெடுத்தார் என்று ஒருவர். ஃபாரெவரில் அவருக்கு முன்பே லீ பேட்ச்லர், ஜேனட் ஸ்காட் பேட்ச்லர் என்ற தம்பதி எழுதியிருக்கிறார்கள், அவர்கள் பெயரும் டைட்டிலில் உண்டு. கோல்ட்ஸ்மேன் தனியாக எழுதியது அடுத்த படம். அதே மனிதர் பிற்பாடு கணித மேதை ஜான் நாஷ் பற்றிய படத்துக்குத் திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கினார். எழுதத் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது.

மே 18

டீ மேக்கர் உவமை எல்லோருக்கும் பிடித்துப்போய், ஷூமாக்கருக்கு விடுதலைப் பத்திரம் வாசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஃபேக்டரியில் நல்ல இலை வந்த நாளில் டிரையர் சூட்டைக் கவனிக்காமல் தூளைக் கருக்கிய டீ மேக்கரும் இருந்திருக்கிறார்.

ஷூமாக்கருக்கு இருட்டு தெரியாதா? 1987-ல் ரத்தக் காட்டேரிப் படம் எடுத்தவர். 1993-ல் 'ஃபாலிங் டவுன்' எடுத்தவர். வேலை போன ஒரு சாதாரண மனிதன் போக்குவரத்து நெரிசலில் காரை நடு ரோட்டில் விட்டுவிட்டு இறங்கி நடக்கிற படம். அதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், பேட்மேனை அவரால் எடுக்க முடியாதா? ஃபாரெவரில்கூட புரூஸ் வெய்னின் சின்ன வயசுப் பயத்தை, அப்பாவின் டைரியை வைத்து விரிவாகவே எடுத்தார். அந்தப் பகுதியில் பெரும்பாலானது கத்தரிக்குப் போனது. அது வரைக்கும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் அடுத்த படத்தின் செட்டில், உயரத்தில் உட்கார்ந்து மெகாபோனில், இது கார்ட்டூன், மறந்துவிடாதீர்கள் என்று டேக்குக்கு முன்னால் கத்துவாராம். அதில் நடித்த ஜான் குளோவர் சொன்னது. அதை வார்னர் ஆபீஸிலிருந்து யாரும் கத்தவில்லை. அந்த மார்க்காம்பும் அவர் ரசனைதான், கிரேக்கச் சிலைகளை மனத்தில் வைத்துச் செய்தது என்று அவரே சொன்னார். பொம்மைக் கம்பெனிக்கு அதனால் ஐந்து பைசா பிரயோஜனம் உண்டா?

கலகலப்பாக எடு என்பது உத்தரவு. எவ்வளவு தூரம் போவது என்பது அவர் கையில் இருந்தது. அந்தத் தூரத்துக்கு அவர்தான் பொறுப்பு, அதில் சமாதானமே இல்லை. அந்த மனிதரும் பிற்பாடு டிவிடி பேட்டியில் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2020-ல் காலமானார். வார்னரிலிருந்து யாராவது கேட்டார்களா என்று தேடிப் பார்க்கிறேன். ஜார்ஜ் க்ளூனி மட்டும் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மே 19

சும்மா ஒரு சந்தேகம். 'பேட்மேன் என்றால் இருட்டு' என்று யார் எழுதி வைத்தது?

1939-ல் முதல் காமிக்ஸ். ஆரம்பக் கதைகளில் அவர் கையில் துப்பாக்கிகூட இருந்தது. அடுத்த வருடமே ராபினைக் கொண்டுவந்தார்கள், சின்னப் பிள்ளைகள் வாங்கிப் படிக்க வேண்டும் என்று. 1954-ல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவில் பெரிய கூச்சல், பதிப்பாளர்களே தங்களுக்குத் தணிக்கை விதிகள் போட்டுக்கொண்டார்கள். பேட்மேன் வேற்றுக்கிரகவாசிகளோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். 1966-ல் ஆடம் வெஸ்ட் நடித்த டிவி தொடர், 120 பகுதிகள், முழுக்க முழுக்க நையாண்டி. 1986-ல் ஃபிராங்க் மில்லர் கிழட்டுப் பேட்மேனைக் கொண்டுவந்து மறுபடியும் இருட்டாக்கினார். 1989-ல் பர்ட்டன் மட்டும் இல்லை, 1995-ல் ஷூமாக்கரும் பழைய பேட்மேனைத்தான் எடுத்தார். அது வேறு பத்தாண்டின் பேட்மேன், அவ்வளவுதான்.

மே 23

எடப்பள்ளி அண்ணன் சூப்பர்மேனைக் கொண்டுவந்துவிட்டார். "ரிச்சர்ட் லெஸ்டர் மூன்றாவது படத்தைக் காமெடியாக்கி நாசம் செய்தார், அங்கேயும் இயக்குநர் குற்றமில்லையா?" என்கிறார்.

அண்ணா, அங்கே கதை இன்னும் மோசம். ரிச்சர்ட் டோனர் முதல் இரண்டு படத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர்களான சால்கைன்ட் அப்பா, மகனோடு பணத்துக்கும் தேதிக்கும் தினமும் தகராறு. இரண்டாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு முதல் படத்தை முடித்து, 1978 டிசம்பரில் வெளியிட்டார்கள். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஓடிய படத்தின் இயக்குநரைத் திரும்பக் கூப்பிடவில்லை! இரண்டு தரப்புக்கும் நடுவே தூது போக வந்திருந்த லெஸ்டர் கையில் மீதியைக் கொடுத்தார்கள். டைட்டிலில் இயக்கம் என்று லெஸ்டர் பெயர் வர வேண்டுமானால் அவர் எடுத்த பகுதி போதுமான அளவு இருக்க வேண்டும். அதற்காக, டோனர் எடுத்து வைத்திருந்த காட்சிகளையே திரும்ப எடுத்தார்கள். ஜீன் ஹேக்மேன் வர மறுத்தார், சில இடங்களில் டூப்பை வைத்துச் சமாளித்தார்கள். மார்லன் பிராண்டோவின் காட்சிகளைத் தூக்கிவிட்டு, அப்பா சொல்ல வேண்டியதை அம்மா வாயில் வைத்தார்கள். 2006-ல் டோனரின் வடிவம் தனியாக வெளிவந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது படம், 1983. ரிச்சர்ட் பிரையர் என்ற பெரிய நகைச்சுவை நடிகர் ஒரு டிவி பேட்டியில் சூப்பர்மேன் படத்தைப் புகழ்ந்து பேசினார். அதைக் கேட்ட தயாரிப்பாளர்கள் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் வந்தால் படம் எந்தப் பக்கம் போகும் என்பது தெரிந்துதானே கூட்டி வந்தார்கள்.

நான்காவது படத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கேனன் கம்பெனி பட்ஜெட்டைப் பாதிக்கு வெட்டியது, இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் ஊரை நியூயார்க் என்று சொல்லிக் காட்டினார்கள்.

மே 24

பேச்சு காமிக்ஸ் பக்கம் போனதால் ஒன்று. நம் இரும்புக்கை மாயாவியை மறந்துவிட்டோமே!

1972-ல் முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே அவர்தான். லூயிஸ் கிராண்டேல், ஆய்வுக்கூட உதவியாளர், ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். முதல் கதையில் அந்தச் சக்தியை வைத்துக் கெட்ட வழிக்குத்தான் போகிறார். அப்புறம் நல்லவராகி, நிழற்படையில் சேர்ந்து உளவாளி ஆகிறார். இங்கிலாந்தில் அந்தத் தொடர் ஓடிய காலத்துக்குள் ஆளின் குணமே தலைகீழ். இன்னொரு இங்கிலாந்துக் காமிக்ஸ் ஆளான ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை) அப்படித்தான். குற்றச் சக்கரவர்த்தி ஆவேன் என்று கிளம்பியவர், பிற்பாடு குற்றவாளிகளை வேட்டையாடுகிறார். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியது யார் தெரியுமா? சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்.

யாராவது புகார் செய்தோமா? நான் செய்யவில்லை. கோத்தகிரி பழைய பேப்பர்க் கடையில் எந்தப் புத்தகம் கிடைத்ததோ அதைப் படித்தேன். இந்த வாரம் நல்லவர், அடுத்த வாரம் திருடர். அட்டை இருந்தால் அதிர்ஷ்டம், கடைசிப் பக்கம் இருந்தால் பேரதிர்ஷ்டம். வரிசையாகப் படித்தவனுக்குத்தான் 'தொனி மாறிவிட்டது' என்ற கவலையெல்லாம்.

மே 29

நாலு நாளாக மழை, கரண்ட் இல்லை, டவர் இல்லை. வந்து பார்த்தால் மார்வெலின் தோர் படங்களில் நிற்கிறீர்கள்.

நடிகருக்கும் பழியில் பங்கு உண்டா என்ற கூடலூர்த் தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. முதல் தோர் 2011-ல் கென்னத் பிரனா எடுத்தது, ராஜா ராணி நாடகம் மாதிரி கம்பீரமாக இருக்கும். 2013-ல் வந்த இரண்டாவது சப்பென்று போனது. அந்தப் பாத்திரம் தனக்கே அலுத்துவிட்டது என்று கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் வெளிப்படையாகச் சொன்னார். 2017-ல் டைக்கா வைட்டிட்டி வந்து சிரிப்புப் படமாக்கினார், எல்லோரும் கொண்டாடினோம். நானும்தான். அதே கூட்டணி 2022-ல் அதையே இன்னும் இரண்டு கரண்டி தூக்கலாகப் போட்டது. அப்போது ஹெம்ஸ்வொர்த் என்ன சொன்னார்? ரொம்பவே விளையாட்டுத்தனமாகப் போய்விட்டது, எட்டு வயசுப் பையன்கள் என் படத்தை விமர்சனம் செய்கிறார்கள் என்றார்.

அந்த எட்டு வயசுப் பையன்கள்தான் எனக்குப் பிடித்த விமர்சகர்கள். 1992-ல் பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் புகார் கொடுத்தார்கள். இப்போது அவர்களே நேராகக் கொடுக்கிறார்கள்.

ஜூன் 2

இத்தனை நாளாகப் பேசியதில் எனக்கு ஒன்று பிடிபடுகிறது. இந்தப் படங்களில் ஒவ்வொன்றும் முந்தைய படத்துக்கு வந்த புகாருக்கு எழுதிய பதில்தான். ரிட்டர்ன்ஸ் இருட்டு என்றார்கள், ஃபாரெவர் வந்தது. பேட்மேன் அண்ட் ராபின் கேலிக்கூத்து என்றார்கள், எட்டு வருடம் கழித்து இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் வந்தார். 2016-ல் பேட்மேனும் சூப்பர்மேனும் மோதிய ஸ்னைடர் படத்தை அழுமூஞ்சி என்றார்கள், 2017-ல் 'ஜஸ்டிஸ் லீக்' ஜோக் அடித்துக்கொண்டு வந்தது.

அந்தக் கடைசிப் பதில் எப்படி எழுதப்பட்டது என்பது ஊரறிந்த கூத்து. மகளின் மரணத்தால் ஸ்னைடர் விலகினார். ஜாஸ் வீடனை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் படம் முடிய வேண்டும் என்று கறார். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அதற்குள் வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார், அந்தக் கம்பெனி மீசையை எடுக்கவிடவில்லை. மீசையோடு நடிக்கவைத்துக் கம்ப்யூட்டரில் மழித்தார்கள். படத்தின் முதல் காட்சியிலேயே சூப்பர்மேனின் மேலுதடு கொழுக்கட்டை மாவு மாதிரி நிற்கும். வெளியீட்டைத் தள்ளிப்போட்டிருந்தால் ஒரு சவரக்கத்தியில் தீர்ந்திருக்கும் விஷயம். தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தது இயக்குநரா? 2021-ல் ஸ்னைடரின் வடிவம் நாலு மணி நேரத்துக்கு வந்தபோது மீசைப் பிரச்சினையும் இல்லை, மாற்றி எடுத்த காட்சிகளும் இல்லை.

பதில் எழுதுகிறவர்கள் எப்போதும் ஆபீஸில்தான் இருக்கிறார்கள். இயக்குநர் மாறுகிறார், நடிகர் மாறுகிறார், கவசத்தின் நிறம் மாறுகிறது. போன படத்தின் வசூல் தாளை முன்னால் வைத்துக்கொண்டு அடுத்த படத்தின் நிறத்தை முடிவு செய்யும் அந்த மேஜை மட்டும் மாறுவதில்லை. என் ஓட்டு அந்த மேஜைக்குத்தான்.

ஜூன் 3

குன்னூர் நண்பர் விடவில்லை. "அதே மேஜைதானே நோலனையும் கூப்பிட்டது? அதையும் சொல்லுங்கள்."

சொல்லத்தான் வேண்டும். அதே வார்னர், அதே மேஜை. 1997-ல் வாங்கிய அடிக்குப் பதிலாகத்தான் 2005-ன் 'பேட்மேன் பிகின்ஸ்'. அப்போது தொனி மாறியது கொஞ்சநஞ்சமா? நியான் விளக்கிலிருந்து நேராகச் சேற்றுக்கு. அதற்கு யார் குற்றவாளி என்று யாராவது இழை தொடங்கினோமா? 2008-ல் டார்க் நைட் பார்க்க நாங்கள் ஜீப் பிடித்துக் கோயம்புத்தூருக்கு இறங்கினோம். ராத்திரி திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தவனைத் தவிர எல்லோரும் நோலன் புகழ்தான் பாடினோம். நமக்குப் பிடித்த மாதிரி மாறினால் அது இயக்குநரின் மேதைமை. பிடிக்காமல் மாறினால் அதுவும் இயக்குநர் தலையில்தான். மேஜைக்காரர்களுக்கு இரண்டு விதத்திலும் சௌகரியம்.

ஜூன் 3, இரவு

"அப்படியென்றால் நோலனுக்கும் பெருமை இல்லை, ஷூமாக்கருக்கும் பழி இல்லை என்கிறீர்களா?"

அப்படிச் சொல்லவில்லை. மே 18 அன்று எழுதியதைத் திரும்பப் படியுங்கள். தூரம் அவரவர் கையில்.

ஜூன் 6

எடப்பள்ளி அண்ணன் தங்கை மகனுக்குப் பேட்மேன் காட்டப் போகிறாராம், எந்த வரிசையில் போடுவது என்று கேட்கிறார். பையனுக்கு ஏழு வயசு.

பேட்மேன் அண்ட் ராபினையே முதலில் போடுங்கள் அண்ணா. சிரிக்காதீர்கள். அவனுக்கு அது பிடிக்கும், சிலேடையைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். 1989 படத்தைப் பத்து வயசுக்கு மேல். நோலன் படமெல்லாம் மீசை அரும்பட்டும், பார்த்துக்கொள்ளலாம். ரிட்டர்ன்ஸை மட்டும் டிசம்பரில் நீங்கள் பாருங்கள். ஜூன் மாதம் வெளியிட்டார்களே தவிர, கதை முழுக்கக் கிறிஸ்துமஸில்தான் நடக்கிறது. அறையில் விளக்கை அணைத்துவிடுங்கள், இப்போதைய டிவியில் எல்லாம் தெரிகிறது. பையன் தூங்கிவிட்டானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், தலைப்பிள்ளை வேறு.